அஞ்சு பேர் கம்பெனிக்கு எந்த வெர்ஷன் கன்ட்ரோல்? நாகர்கோவிலில் நாங்கள் போட்ட கணக்கு

குலசேகரத்தில் ரப்பர் வாங்கும் கடை ஒன்றுக்கு பில்லிங் மென்பொருள் செய்து கொடுத்திருந்தோம். ரப்பர் பாலை வெறும் எடைக்கு வாங்க மாட்டார்கள். அதில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம் தேறும் என்று பார்த்து அதற்குத்தான் விலை. ஷீட்டுக்கு ஒரு கணக்கு, ஒட்டுப்பாலுக்கு வேறு கணக்கு. ஒருநாள் கடைக்காரர் போன் செய்தார். "தம்பி, போன வாரம் வரைக்கும் கணக்கு சரியாட்டு இருந்துச்சு. இப்ப எல்லா பில்லுலயும் ஒரு ரூவா கூடுதே."

ஆபீஸ் கம்ப்யூட்டரில் அந்த மென்பொருளுக்கு ஏழு ஃபோல்டர்கள் இருந்தன. 'ஃபைனல்', 'ஃபைனல் புதுசு', 'குலசேகரம் கொடுத்தது' என்று பெயர்கள். எந்தக் கடைக்கு எது போனது, பைசாவை ரூபாயாக்கும் நிரல் வரியை மாற்றியது யார், ஏன் மாற்றினார் என்பது எதிலும் இல்லை. மாற்றிய பையன் திருவனந்தபுரத்தில் வேலை கிடைத்துப் போய்விட்டான். கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. அந்த இரண்டு நாளும் கடைக்காரர் பில்லைக் கையால் எழுதினார்.

ஃபைலில் யார், எப்போது, எதை, எதற்காக மாற்றினார் என்று ஒவ்வொரு அடியையும் குறித்து வைத்து, வேண்டியபோது பழைய நிலைக்குத் திரும்ப விடுவதுதான் வெர்ஷன் கன்ட்ரோல். அது வேண்டும் என்பதில் எங்களுக்குள் பேச்சே இல்லை. எதை எடுப்பது, எவ்வளவு செலவாகும் என்பதில்தான் பல மாதம் போனது. நாங்கள் அஞ்சு பேர். மூன்று பேர் நிரந்தரம், இரண்டு பேர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறும் பயிற்சிப் பிள்ளைகள். இந்த மாவட்டத்தில் எங்களைப் போன்ற குழுக்கள் நிறைய உண்டு. அவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

எஸ்விஎன்னா, கிட்டா?

முதலில் போட்டது எஸ்விஎன், அதாவது சப்வெர்ஷன். 2000இல் தொடங்கிய திட்டம். 2004இல் முதல் முழுப் பதிப்பு வந்தது, இப்போது அப்பாச்சி அறக்கட்டளையின் கீழ் இருக்கிறது. காசு கிடையாது. சர்வராக ஆபீஸின் பழைய கம்ப்யூட்டரே போதும். விண்டோஸில் டார்ட்டாய்ஸ் எஸ்விஎன் போட்டால் ரைட் கிளிக் செய்து அப்டேட் (புதியதை எடுப்பது), கமிட் (நம் மாற்றத்தைப் பதிவது) என்று வேலை முடிந்துவிடும். மாற்றங்களுக்கு 1, 2, 3 என்று வரிசை எண் விழும். "மார்த்தாண்டம் கடைக்கு 214ஐக் கொடுத்திருக்கோம்" என்று போனிலேயே சொல்லலாம். பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் அரை நாளில் பழகிவிட்டார்கள். இந்த எளிமையை இன்றும் நான் மதிக்கிறேன்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தது. மரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்து, மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. எங்கள் ஆபீஸும் இருட்டில் கிடந்தது, சர்வர் அதற்குள் இருந்தது. பக்கத்து வீட்டு ஜெனரேட்டரில் லேப்டாப்பைச் சார்ஜ் போட்டுக்கொண்டு வேலை பார்க்க ஆள் இருந்தது. ஆனால் எஸ்விஎன்னில் கமிட் செய்ய சர்வர் கிடைத்தே ஆக வேண்டும். கடைசியாக எடுத்த நிலையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம், அதற்குத் திரும்பலாம். புது அடி எதையும் பதிய முடியாது. பழைய வரலாற்றைப் புரட்டவும் சர்வர் வேண்டும். கரண்ட் வந்ததும் இரண்டு பேர் ஒரு வார வேலையை ஒரே மூட்டையாகக் கொண்டு வந்து போட்டார்கள். ஒரே ஃபைல்களில் இருவரும் கை வைத்திருந்தார்கள். பிரித்துச் சேர்க்க இன்னும் மூன்று நாள்.

அதைவிட ஒரு விஷயம்தான் என்னைத் தூங்க விடவில்லை. வரலாறு முழுவதும் அந்த ஒரே ஹார்டு டிஸ்க்கில் இருந்தது. அவரவர் லேப்டாப்பில் இருந்தது கடைசி நிலை மட்டும். மழைத் தண்ணீர் இன்னும் ஒரு முழம் ஏறியிருந்தால் மூன்று வருட வேலையின் தடயம் போயிருக்கும்.

கிட் இந்த இடத்தில்தான் அடிப்படையிலேயே வேறு. லினக்ஸ் கெர்னல் குழுவுக்கு இலவசமாகக் கிடைத்து வந்த பிட்கீப்பர் என்ற கருவியின் அனுமதி நின்றுபோனதால், லினஸ் டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கியது அது. அதில் குளோன், அதாவது முழு நகல், எடுத்த ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும். கமிட் உன் லேப்டாப்பிலேயே நடக்கும். நெட், சர்வர் எதுவும் வேண்டாம். தொடர்பு கிடைக்கும்போது சர்வருக்கு அனுப்பினால், அதாவது புஷ் செய்தால் போதும். தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் பெய்கிற ஊரில் இந்த ஒரு குணத்துக்கே கிட்டை எடுக்கலாம். அஞ்சு லேப்டாப்பில் நான்கு போனாலும் வரலாறு மிச்சம் இருக்கும்.

கிட்டில் கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கமிட்டுக்கு முன், எவற்றைப் பதிவது என்று தேர்ந்தெடுக்கும் ஸ்டேஜிங் என்று ஒரு படி. வரிசை எண்ணுக்குப் பதில் நீண்ட ஹாஷ் எழுத்துகள். தவறாக ஃபோர்ஸ் புஷ் (வலுக்கட்டாயமாக மேலெழுதும் புஷ்) செய்தால் அடுத்தவர் வேலை சர்வரில் இருந்து காணாமல் போகும். கடைக்குக் கொடுக்கும் ஒவ்வொரு பதிப்புக்கும் ஊர்ப் பெயரும் தேதியும் சேர்த்து டேக், அதாவது பெயர்ச்சீட்டு, போட ஆரம்பித்த பிறகு ஹாஷ் தொல்லை தீர்ந்தது.

ஒரு வகை வேலைக்கு எஸ்விஎன்னே மேல். பெரிய போட்டோஷாப் ஃபைல், வீடியோ, முப்பரிமாண மாடல் என்று வேலை பார்ப்பவர்களைச் சொல்கிறேன். இவற்றை இருவர் திருத்தினால் மெர்ஜ் செய்ய, அதாவது ஒன்றாகச் சேர்க்க, வழியில்லை. எஸ்விஎன்னில் லாக் போட்டுவிட்டுத் திருத்தலாம். கிட்டில் ஒவ்வொரு பழைய பதிப்பும் ஒவ்வொரு குளோனிலும் வந்து உட்கார்ந்து டிஸ்க்கை நிரப்பும். பெரிய ஃபைல்களைத் தனியே வைக்கும் கிட் எல்எஃப்எஸ் என்று மாற்று வழி உண்டு, அதற்கு இடமும் பராமரிப்பும் தனி. கேம் செய்கிற குழு என்றால் பெர்ஃபோர்ஸ் என்ற கருவியையும் பார்க்கலாம். 5 பேர், 20 வொர்க்ஸ்பேஸ் வரை இலவசம். ஆறாவது ஆள் வந்தால் காசு என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெர்க்குரியல், ஃபாசில்

மெர்க்குரியலும் அதே 2005 ஏப்ரலில், அதே காரணத்துக்காகப் பிறந்தது. கட்டளைகள் கிட்டைவிடத் தெளிவானவை. ஆனால் வரலாற்றை இணையத்தில் வைக்க இடம் தரும் பிட்பக்கெட் தளம் 2020இல் அதைக் கைவிட்டது. ஃபயர்ஃபாக்ஸும் 2025இல் கிட்டுக்கு வந்துவிட்டது. புதிதாகத் தொடங்குபவர் அதில் போவது சரியல்ல என்பது என் கருத்து.

ஃபாசில் மேல் எனக்குத் தனிப் பிரியம். எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸை எழுதிய ரிச்சர்ட் ஹிப் செய்தது. ஒரே ஒரு நிரல் ஃபைல். அதற்குள் வெர்ஷன் கன்ட்ரோல், புகார்ப் பதிவேடு, விக்கி, வெப் முகப்பு எல்லாம் அடக்கம். ரெப்போ, அதாவது ஃபைல்களும் வரலாறும் இருக்கும் கிடங்கு, முழுவதும் ஒரே டேட்டாபேஸ் ஃபைல், பென்டிரைவில் போட்டுக் கொண்டுபோகலாம். தனியாளாக, அல்லது வருடக்கணக்கில் மாறாத இரண்டு மூன்று பேராக வேலை செய்தால் தயங்காமல் எடுங்கள். எங்களுக்கு ஏன் ஒத்துவரவில்லை என்றால், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் பிள்ளைகள். கல்லூரியிலேயே கிட் தொட்டுவிட்டு வருகிறார்கள். இங்கிருந்து திருவனந்தபுரம் டெக்னோபார்க்குக்கோ சென்னைக்கோ பெங்களூருக்கோ போகும்போது இன்டர்வியூவில் கேட்கப்போவதும் கிட்தான். அவர்களுக்கு உதவாத ஒன்றைக் கற்றுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

எங்கே வைப்பது?

கிட் இலவசம். செலவு வருவது அதை வைக்கும் இடத்தில். 2017 முடிவில் கிட்டுக்கு மாறியபோது கிட்ஹப் என்ற இணையத் தளத்தில் பிரைவேட் (வெளியார் பார்க்க முடியாத) ரெப்போவுக்குக் காசு. பிட்பக்கெட்டில் 5 பேர் வரை இலவசம் என்பதால் அங்கே போனோம். அடுத்த வருடம் ஆறாவது ஆள் சேர்ந்தபோது இடித்தது. 2019 ஜனவரியில் கிட்ஹப் மூன்று பேர் வரையும், 2020 ஏப்ரலில் ஆள் கணக்கே இல்லாமலும் பிரைவேட் ரெப்போவை இலவசமாக்கியது. அப்புறம் அங்கே வந்தோம்.

இலவசக் கிட்ஹப்பில் எங்களுக்கு உறுத்துவது ஒன்றுதான். பிரைவேட் ரெப்போவில் முக்கியக் கிளையை (மெயின் பிராஞ்ச், எல்லோர் வேலையும் வந்து சேரும் இடம்) பூட்டி வைக்க முடியாது. புதிதாக வந்த பிள்ளை மெயின் பிராஞ்சில் நேராகப் புஷ் செய்தால் தடுக்க வழியில்லை. அது வேண்டுமென்றால் டீம் திட்டம், ஆளுக்கு மாதம் 4 டாலர். அஞ்சு பேருக்கு 20 டாலர். டாலர் 85 ரூபாய் என்று வைத்தால் மாதம் 1,700 ரூபாய். ஒரு சின்ன குழுவால் முடியும் தொகைதான், ஆனால் மாதாமாதம்.

அதே போன்ற இன்னொரு தளமான கிட்லேப்பின் இலவசத் திட்டத்தில் கிளைப் பூட்டு உண்டு. பதிலுக்கு, பிரைவேட் குழுவில் 5 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. அதைத் தாண்டினால் பிரீமியம், ஆளுக்கு 29 டாலர். ஆறு பேருக்கு அதே கணக்கில் மாதம் 14,790 ரூபாய். 2023இல் 19 டாலரிலிருந்து 29க்கு ஏற்றினார்கள். இங்கே ஒரு பயிற்சிப் பிள்ளைக்குக் கொடுக்கும் உதவித்தொகையைவிட அந்த மாதத் தொகை அதிகம். கிட்லேப்பை நம் சர்வரிலேயே இலவசமாகப் போடலாம், ஆனால் ராம் நிறையக் கேட்கும். பழைய கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தோம், ஒரு பக்கம் திறக்க டீ குடித்துவிட்டு வரலாம் போல் இருந்தது.

கிட்டீ அதற்கு நேர் எதிர். நம் சர்வரில் போட்டுக்கொள்ளும், கோ மொழியில் எழுதிய, ராஸ்பெர்ரி பை போன்ற சின்னப் பலகையிலும் ஓடும் மென்பொருள். கிளைப் பூட்டு, புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைப் பார்த்துச் சேருங்கள் என்ற கோரிக்கை), புகார்ப் பதிவேடு எல்லாம் உண்டு, ஆள் கணக்கு இல்லை. அதிலிருந்து 2022இல் பிரிந்த ஃபோர்ஜெஜோவும் ஏறக்குறைய அதே. செலவு, பழைய கம்ப்யூட்டரும் யுபிஎஸ்ஸும் கரண்ட் பில்லும், பிறகு அப்டேட்டைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆளின் மாதம் இரண்டு மணி நேரமும். அந்த ஆள் இல்லாத குழு இதைத் தொட வேண்டாம்.

சொந்த சர்வர், இணையத் தளம் என்ற இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும் என்று நாங்கள் நினைத்ததுதான் வீண் வாதத்துக்குக் காரணம். ஒரே ரெப்போவை இரண்டு இடத்துக்கும் புஷ் செய்யலாம். இப்போது தினசரி வேலை ஆபீஸ் கிட்டீயில் நடக்கிறது. அங்கே மெயின் பிராஞ்ச் பூட்டியிருக்கிறது, மூத்தவர் ஒருவர் பார்த்த பிறகுதான் மெர்ஜ். அங்கிருந்து இலவசக் கிட்ஹப்புக்குத் தானாக நகல் போகிறது. ஆபீஸில் கரண்ட் போனால் கிட்ஹப்பில் இருந்து எடுக்கிறோம். நெட் போனால் ஆபீஸ் வைஃபையிலேயே வேலை ஓடுகிறது. மாதச் சந்தா பூஜ்யம்.

இந்தப் பாதையில் போகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. கிட் எடுத்துச் செல்வது நிரலையும் அதன் வரலாற்றையும் மட்டும். புகார்ப் பதிவுகளும் புல் ரிக்வெஸ்ட் பேச்சுகளும் அந்தந்தத் தளத்திலேயே தங்கிவிடும். அதனால் ஏன் மாற்றினோம் என்பதைக் கமிட் செய்தியிலேயே எழுதுங்கள். சர்வர் வேண்டாம் என்று கூகுள் டிரைவ் போன்ற ஃபோல்டருக்குள் ரெப்போவை வைத்து எல்லோரும் அதிலேயே வேலை செய்யாதீர்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுதினால் ரெப்போ கெடும். கடையின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை ஒருமுறை கமிட் செய்தாலும், அடுத்த கமிட்டில் அழித்தாலும், வரலாற்றில் அது இருக்கும். உடனே பாஸ்வேர்டையே மாற்றுங்கள்.

எஸ்விஎன் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கிற குழு பயந்துபோய் மாற வேண்டியதில்லை. தினமும் இரவு சர்வரின் நகல் வேறொரு கட்டடத்துக்குப் போகிறதா என்று பாருங்கள், அது போதும். மாறியே ஆக வேண்டும் என்றால், கிட் எஸ்விஎன் என்ற கருவி பழைய வரலாற்றோடு கொண்டுவந்துவிடும். எங்கள் பழைய வரலாறு ஒரு இரவில் வந்து சேர்ந்தது.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வெறும் லேப்டாப் ஒன்றில் புதிதாகக் குளோன் எடுத்து, குலசேகரம் டேகுக்குப் போய், மென்பொருளைக் கட்டி, ஒரு பில் அச்சடித்துப் பார்க்கிறோம். நூறு கிலோ பால், முப்பத்தைந்து சதவீதம். முப்பத்தைந்து கிலோவுக்கு விலை சரியாக வந்தால் அன்றைக்கு ஆபீஸைப் பூட்டுகிறோம்.