காலையில் மட்டும் வராத கம்ப்யூட்டர்

பொங்கலுக்கு மூன்று வாரம் தஞ்சாவூரில் இருந்தேன். பேங்க் வேலை, பல் டாக்டர், கண்ணாடி மாற்றுவது என்று வழக்கமான பட்டியலோடு போனது. அதெல்லாம் ஆச்சரியப்படும்படி சீக்கிரமே முடிந்தது. மிச்ச நாளெல்லாம் அப்பாவின் கம்ப்யூட்டரோடு போயிற்று.

2009-ல் நான் டொரான்டோ கிளம்புவதற்கு முன் அசெம்பிள் செய்து கொடுத்த பெட்டி அது. கோர் 2 டியோ, ஜி31 போர்டு, 2 ஜிபி டிடிஆர்2 ராம், விண்டோஸ் எக்ஸ்பி. எக்ஸ்பியை மைக்ரோசாஃப்ட் 2014 ஏப்ரலில் கைவிட்டது, அப்பா கைவிடவில்லை. எல்லாம் ஜாதகம் கணிக்கும் சாஃப்ட்வேருக்காக. பிரிண்டர் மாட்டும் பழைய பேரலல் போர்ட்டில், அந்த சாஃப்ட்வேரைத் திறக்கும் சாவி போன்ற டாங்கிள், டாங்கிளின் முதுகில் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர். இன்று கடையில் வாங்கும் கம்ப்யூட்டரில் அந்தப் போர்ட்டைத் தேடத்தான் வேண்டும். "புதுசு வாங்கித் தரேன்" என்று நான் வருஷா வருஷம் சொல்வதும் அவர் கேட்காததுபோல் இருப்பதும் பழகிப்போன விஷயம்.

இந்த முறை கோளாறு என்னவென்றால், பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றும், திரை கறுப்பாகவே இருக்கும். அணைத்து அணைத்துப் போட்டால் ஐந்தாவது, ஆறாவது தடவையில் வரும். வந்துவிட்டால் ராத்திரி வரை ஓடும். "காலைல மட்டும்தான்டா தகராறு. மத்தியானம் போட்டா உடனே வந்துடுது" என்றார் அப்பா. அவரே ஒரு முறை கண்டுபிடித்து வைத்திருந்தார்: போட்டுவிட்டுக் குளிக்கப் போவது, வந்து அணைத்து மறுபடி போடுவது.

முதலில் ஏசி போட்ட பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றுக்குத் தூக்கிப் போனேன். பெயர் வேண்டாம். டோக்கன், பார்க்கும் கூலி 500 ரூபாய். எப்போது வருவதில்லை, எத்தனை நாளாக என்று யாரும் கேட்கவில்லை. மறுநாள் போன் வந்தது: "மதர்போர்டு போயிடுச்சு சார். இதுக்கெல்லாம் இப்ப பார்ட்ஸ் கிடையாது." புது செட்டுக்கு 32,000 ரூபாய் கொட்டேஷனும் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தது.

அப்புறம் பக்கத்து வீட்டு மாமா சொன்ன கடைக்குப் போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை, அவ்வளவுதான் கடை. முப்பது வயசு இருக்கும் தம்பி ஒருவர். பெட்டியைத் தொடுவதற்கு முன்னால் கேள்வி: "எப்ப வர மாட்டேங்குது ஐயா?" அப்பா தன் குளியல் கதையைச் சொன்னார். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டார்.

ராமைக் கழற்றி, அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்து வேறு ஸ்லாட்டில் போட்டார். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் தேதியை நினைவில் வைத்திருக்கும் சீமாஸ் பேட்டரியை மீட்டரில் பார்த்தார். 3 வோல்ட் இருக்க வேண்டியது 2.4. தேதி அடிக்கடி பழைய வருஷத்துக்கு ஓடியதற்கு அதுதான் காரணம். தப்பான தேதியில் யாருக்காவது நடப்பு தசை பார்த்துச் சொன்னாரா என்று நான் அப்பாவிடம் கேட்கவில்லை. இரண்டுமே கறுப்புத் திரைக்குக் காரணமில்லை என்று தம்பியே சொல்லிவிட்டார். "ராத்திரி இங்கேயே இருக்கட்டும்ணே. காலைல ஏழு மணிக்கு வாங்க, நீங்க வந்தப்புறம்தான் ஆன் பண்ணுவேன்."

மறுநாள் பனி விலகுமுன் போய் நின்றேன். போட்டார், வரவில்லை. தன்னிடமிருந்த எஸ்எம்பிஎஸ்ஸை, அதாவது பவர் சப்ளைப் பெட்டியை, மாட்டிப் பார்த்தார், அப்போதும் வரவில்லை. ஆக, பழுது பவர் சப்ளையில் இல்லை. பிறகு தலைமுடி காயவைக்கும் டிரையர் ஒன்றை எடுத்து, பிராசஸர் பக்கத்தில் வரிசையாக நின்ற கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைச் சீராக்கும் சின்ன உருளைகள்) மேல் ஒரு நிமிஷம் போல மெதுவான சூட்டில் காட்டினார். பட்டனை அமுக்கினார். பீப். திரை வந்தது.

டார்ச் அடித்துக் காட்டினார். கெபாசிட்டர் தலையில் பெருக்கல் குறி போல ஒரு கீறல் இருக்கும், அது தட்டையாக இருக்க வேண்டும். ஐந்தில் இரண்டு பூரி மாதிரி உப்பியிருந்தன, ஒன்றின் ஓரத்தில் பழுப்புக் கசிவு. உள்ளே இருக்கும் திரவம் வருஷக்கணக்கில் வற்றிப்போனால் பிராசஸருக்குப் போகும் மின்சாரத்தை அவற்றால் சீராக்க முடியாது. குளிர்ந்திருக்கும்போது நிலைமை இன்னும் மோசம், சூடேறினால் ஓரளவு சமாளிக்கும். அப்பா குளித்துவிட்டு வருவதற்குள் நடந்ததும் இதுதான்.

வேறு ஏதாவது பழைய போர்டிலிருந்து கெபாசிட்டரைக் கழற்றிப் போடச் சொன்னேன், மறுத்துவிட்டார். 105 டிகிரி தாங்கும், உள்தடை குறைந்த லோ இஎஸ்ஆர் ரகம்தான் வேண்டும் என்று சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குச் சொல்லி ஆம்னி பஸ் பார்சலில் வரவழைத்தார். ஐந்தையும் மாற்றினார். பேட்டரியும் சேர்த்து 650 ரூபாய். டொரான்டோவில் இந்தக் காசுக்கு ஸ்க்ரூடிரைவரைக்கூடக் கையில் எடுக்க மாட்டார்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் கெட்டுப்போன செக்டர்கள் (தகவல் பதியும் சின்னப் பகுதிகள்) சேர ஆரம்பித்திருக்கின்றன என்றும் காட்டினார். கிளம்புவதற்கு முன் ஜாதகங்களை எல்லாம் இரண்டு பென்டிரைவில் ஏற்றி வைத்தேன்.

கழற்றிய கெபாசிட்டர்களை அப்பா கேட்டு வாங்கி, விபூதிப் பொட்டலம் போல மடித்து மேசை டிராயரில் வைத்திருக்கிறார். அந்த ஏசி சென்டர் பக்கம் போகும்போது காட்டுவதற்காம்.