ஞாயிறு மாலை ஆறரை மணி: மூன்று தொலைக்காட்சிகளின் வார இறுதி

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் ஐந்து பேரும் ஒன்றாக உட்காரும் நேரம் வாரத்தில் சனி, ஞாயிறு இரண்டு நாள்களில்தான் வாய்க்கிறது. மகன் ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறான். சனிக்கிழமை ஷிப்டு முடித்துப் பேருந்து பிடித்து வீடு வந்து சேர இரவு எட்டரை ஆகிவிடும். திங்கள் காலை ஷிப்டுக்காக ஞாயிறு இரவு எட்டரைக்கெல்லாம் பையைத் தூக்கிவிடுவான். பெங்களூருக்கும் ஓசூருக்கும் பிள்ளைகளை அனுப்பியிருக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்து வீடுகள் பலவற்றில் வார இறுதி இந்த அளவுதான். சன், விஜய், ஜீ தமிழ் ஆகிய மூன்றும் இந்த மாலைகளை எப்படி அடுக்குகின்றன என்பதை, மாதாமாதம் கேபிளுக்குப் பணம் கட்டுகிறவன் என்ற முறையில் இங்கே மதிப்பிட்டிருக்கிறேன்.

ஞாயிறு மாலை என்றால் படம் என்ற பழக்கத்தைத் தமிழ் வீடுகளுக்குக் கொடுத்தது சென்னைத் தூர்தர்ஷன். 1993 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய சன், அந்தப் பழக்கத்தை அப்படியே கையில் எடுத்துக்கொண்டது. ஞாயிறு மாலை ஆறரைக்குச் சன்னில் படம் வரும் என்பதை என் அம்மாவுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. என்ன படம் என்று மட்டும்தான் கேட்பார். ஒரு நேரத்தை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் வைத்திருப்பதைப் பார்வையாளருக்குக் காட்டும் மரியாதை என்றே நான் கருதுகிறேன். மாறாக, சனிக்கிழமையைச் சன் வார இறுதியாகவே எண்ணுவதில்லை. அதன் மாலைத் தொடர்கள் திங்கள் முதல் சனி வரை ஓடுவதால், சனிக்கிழமை மாலையும் ஒரு செவ்வாய்க்கிழமை மாலையைப் போலவே கழிகிறது. தொடரை விடாமல் பார்க்கும் அம்மாவுக்கு இதில் குறையில்லை. ஆனால் வாரம் முழுவதும் வெளியூரில் இருந்துவிட்டு வரும் பையனுக்கு அந்தக் கதையில் யார் யாருக்கு என்ன உறவு என்பதே தெரிவதில்லை.

அந்த இடைவெளியில்தான் விஜய் நுழைந்தது. படத்துக்கு எதிராக இன்னொரு படத்தைப் போடாமல், முடிவு முன்கூட்டித் தெரியாத ஒன்றைப் போடுவது அதன் உத்தி. 2006 முதல் வரும் 'சூப்பர் சிங்கர்' இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஏற்கெனவே பார்த்த படத்தை யாரும் பாதியில் விட்டு எழுந்துவிடலாம். ஆனால் நேற்று நன்றாகப் பாடிய குழந்தை இன்று வெளியேறுமா என்பதை அறியாமல் எழுந்திருக்க மனம் வராது. சனியும் ஞாயிறும் ஒரே நிகழ்ச்சியின் இரு பாதிகளாக ஒட்டிக்கொள்வதால், முதல் நாள் உட்கார்ந்தவர் மறுநாளும் உட்கார்கிறார். ஜீ தமிழின் 'சரிகமப'வும் அதே வழியில் நடக்கிறது. 2008இல் தொடங்கிய தொலைக்காட்சி, மூத்த இரண்டையும் மாலை நேரத்தில் நேருக்கு நேர் சந்திக்கத் துணிந்ததற்கு இந்தப் பாட்டு மேடை பெரிய காரணம் என்பேன். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை, மூன்று தலைமுறையும் ஒரே விஷயத்தைப் பற்றிப் பேசிக்கொள்வது இந்தப் பாட்டுப் போட்டிகளின்போதுதான். பழைய பாடல் வந்தால் அம்மா கூடவே பாடுவார், புதிய பாடல் வந்தால் மகள் பாடுவாள்.

இரவு ஒன்பதரைக்கு வேறு கணக்கு தொடங்குகிறது. 'குக்கு வித் கோமாளி' என்ற சமையல் போட்டியும், அது ஓய்ந்தபின் வரும் 'பிக் பாஸ்'ஸும் விஜய்யின் பலம். பிக் பாஸின் அமைப்பே வார இறுதிக்காகச் செதுக்கப்பட்டது என்று சொல்லலாம். 2017இல் தொடங்கி முதல் ஏழு பருவங்களுக்குக் கமல்ஹாசனும், 2024 முதல் விஜய் சேதுபதியும் தொகுத்து வழங்கினாலும், அவர்கள் முகம் காட்டுவது சனி, ஞாயிறுகளில்தான். ஐந்து நாள் சண்டைக்கு ஆறாம் நாள் பஞ்சாயத்து, ஏழாம் நாள் ஒருவர் வெளியேற்றம். வார நாள்களில் ஒரு நிமிடம்கூடப் பார்க்காத என் மகன், சனிக்கிழமை இரவு மட்டும் பார்த்தே பிக் பாஸ் வீட்டுக்குள் நடந்ததை எல்லாம் தெரிந்துகொள்கிறான். அந்த வசதிக்காக இந்த நேரத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் ஞாயிறு இரவு பதினொரு மணி நெருங்கும்வரை எட்டாம் வகுப்பு படிக்கும் பெண் விழித்திருந்து, மறுநாள் காலை பள்ளிக்குப் போக வேண்டியிருப்பதை எந்தத் தொலைக்காட்சியும் எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

எங்கள் மாவட்டத்துக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். என் மனைவி ஓசூர்ப் பக்கத்துத் தெலுங்கு வீட்டில் பிறந்தவர். ஆகையால் பிக் பாஸ் பருவத்தில் எங்கள் ரிமோட், விஜய்யில் இருந்து தெலுங்கு பிக் பாஸை வழங்கும் நாகார்ஜுனாவைப் பார்க்க ஸ்டார் மாவுக்கும், அண்டை வீட்டார் வந்துவிட்டால் கன்னட பிக் பாஸை வழங்கும் சுதீப்பைப் பார்க்கக் கலர்ஸ் கன்னடாவுக்கும் தாவுகிறது. மூன்று மொழியிலும் ஒரே விளையாட்டு, ஒரே சனிக்கிழமை இரவு. 2024 நவம்பரில் ஜியோஸ்டார் உருவான பிறகு இந்த மூன்றும் ஒரே நிறுவனத்தின் குடைக்குள் வந்துவிட்டன என்பதால், அவற்றின் நேரங்களை ஒன்றோடொன்று மோதாமல் சற்றே தள்ளித் தள்ளி வைத்தால் எல்லையோரத்து வீடுகள் மூன்றையும் பார்க்கும்.

மோதல் உச்சத்தில் இருப்பது மாலையில் அல்ல, ஞாயிறு நண்பகலில். முன்பு இரவில் வந்துகொண்டிருந்த விஜய்யின் 'நீயா நானா' விவாதம் நண்பகலுக்கு நகர்ந்தது. ஜீ தமிழ் அதே நண்பகலில் 'தமிழா தமிழா' என்ற விவாதத்தை வைத்தது. 2024 மே மாதம் சன், விஜய்யின் சமையல் மேடையில் நடுவராக இருந்த செஃப் வெங்கடேஷ் பட்டை அழைத்துக்கொண்டு 'டாப் குக்கு டூப் குக்கு'வை அதே நண்பகலில் களமிறக்கியது. குடும்பமே சோற்றுத் தட்டோடு உட்காரும் நேரம் இது என்பதை மூவரும் சரியாகக் கண்டுபிடித்தார்கள். அப்படிக் கண்டுபிடித்தபின் மூவரும் ஒரே கதவில் முண்டியடித்ததால், இரண்டு நல்ல விவாதங்களில் ஒன்றை நாங்கள் வாராவாரம் இழக்கிறோம்.

இவ்வளவு நெருக்கத்துக்கும் காரணம், எந்த நிகழ்ச்சியை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று அளக்கும் பார்க் (BARC) அமைப்பின் வாராந்தரக் கணக்கு. அந்த வாரம் சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடிகிறது. எண்கள் அடுத்த வியாழனன்று வெளிவருகின்றன. ஒரு நிகழ்ச்சியின் புள்ளி என்பது சராசரி. ஒரு தொலைக்காட்சி பிடிக்கும் இடமோ, எல்லா நேரங்களின் புள்ளிகளையும் கூட்டிய தொகையைப் பொறுத்தது. எனவே நிகழ்ச்சி நீள நீளத் தொகை ஏறுகிறது. ஒரு மணி நேரத்தில் முடியக்கூடிய சுற்று இரண்டு மணி நேரமாக இழுக்கப்படுவதும், இரண்டு தொடர்களைச் சேர்த்து 'மகா சங்கமம்' நடத்தப்படுவதும் பெரும்பாலும் இந்தக் கணக்கின் விளைவே என்று நினைக்கிறேன்.

விளம்பரத்தையும் சேர்த்துப் பார்ப்போம். விதிப்படி ஒரு மணி நேரத்துக்குப் பன்னிரண்டு நிமிடம்வரை விளம்பரம் வரலாம். அதில் இரண்டு நிமிடம் சொந்த நிகழ்ச்சிகளின் புரோமோவுக்கு. இரண்டரை மணி நேரப் படத்தை ஆறரைக்குத் தொடங்கினால், அந்த வரம்பை மீறாமலேயே முடிய ஒன்பதரையைத் தாண்டிவிடும். புரோமோவில் தேதியும் நேரமும் பெரிதாகக் காட்டிவிட்டு, அன்று மாலை சொல்லாமல் அரை மணி நேரம் தள்ளித் தொடங்கிய அனுபவமும் எங்களுக்கு உண்டு. மதியமே சமையலை முடித்துவிட்டு அந்த நேரத்துக்காகக் காத்திருக்கும் பெண்களை அது எவ்வளவு சலிக்க வைக்கும் என்பதை நேரத்தை அடுக்குகிறவர்கள் உணர வேண்டும்.

ஆகவே என் மதிப்பீட்டில், சனிக்கிழமை மாலைக்கு விஜய்யும் ஜீ தமிழும் முன்னிற்கின்றன; ஞாயிறு மாலையின் உறுதிக்குச் சன்னுக்கே முதலிடம். மூன்றிடமும் நான் கேட்பது ஒன்றுதான்: ஞாயிறன்று படத்தை ஐந்தரைக்குத் தொடங்குங்கள். இப்போது எங்கள் வீட்டில் படம் இடைவேளையைத் தாண்டிச் சூடு பிடிக்கும்போது மகன் செருப்பை மாட்டுகிறான். அம்மா மீதிக் கதையை முழுதாகப் பார்த்து வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை இரவு அவன் தொலைபேசியில் அழைக்கும்போது முடிவைச் சொல்கிறார்.