கிரஷர் தட்டை எப்போது மாற்றுவது? மூன்று வழக்கங்கள், ஓர் அலசல்

காவிரிப் படுகையில் எங்கே தோண்டினாலும் வண்டல்தான். தஞ்சைப் பெரிய கோயிலுக்கே கல் வெளியிலிருந்துதான் வந்தது. இன்று திருவாரூரில் ஒரு வீட்டுக்குத் தளம் போட வேண்டுமென்றாலும் புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்திலிருந்து ஜல்லி லாரி ஏறுகிறது. அப்படி ஜல்லி உடைக்கும் ஒரு கிரஷரில் பராமரிப்பு என் பொறுப்பு. அசையாத ஒன்றும் அசையும் ஒன்றுமாக எதிரெதிரே நின்று கல்லைக் கடித்து நொறுக்கும் பல் வைத்த தட்டுகள்தான் தாடைத் தட்டுகள். தாடைத் தட்டு தேய்ந்தால் எப்போது கழற்றுவது என்பதில் எங்களுக்குள் மூன்று கட்சிகள் உண்டு.

ஓடும்வரை ஓட்டு என்பது முதல் கட்சி. தட்டு 11 முதல் 14 சதவீதம் மாங்கனீஸ் கலந்த எஃகு. அடி வாங்க வாங்க மேற்பரப்பு இறுகும். அதனால் கடைசிவரை தாங்கும் என்று நம்புகிறார்கள். நானும் ஒருமுறை நம்பினேன். சம்பா அறுவடைப் பணம் கைக்கு வந்து ஊரெங்கும் கட்டட வேலை சூடுபிடித்த மாசி மாதம். ஒரு நாள்கூட நிறுத்த மனம் வரவில்லை. அசையாத நிலைத்தட்டின் அடிப்பகுதி ஓட்டையாகி, பின்னாலிருந்த இயந்திரச் சட்டத்தையே கல் குடைந்துவிட்டது. அரை நாளில் முடிந்திருக்க வேண்டிய தட்டு மாற்றம், வெல்டிங் வைத்துச் சட்டத்தை நிரப்பிச் சமன்செய்வதில் ஆறு நாளை விழுங்கியது. இந்த வழி வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, மணிக்கணக்கு. இத்தனை மணி ஓடியதும் மாற்றிவிடுவது. உதிரியை முன்கூட்டியே வாங்கி வைக்கலாம். வேலை மந்தமாகும் ஐப்பசி மழையில் நிறுத்தத்தை வைத்துக்கொள்ளலாம். ஆனால் கல் கணக்குக்குக் கட்டுப்படாது. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல்லை உடைக்கும் தட்டு நெடுநாள் உழைக்கும். குவார்ட்ஸ் மிகுந்த கருங்கல்லில் அதே தட்டு சீக்கிரம் தேயும். குவாரியில் பாறை மாறினாலே பழைய கணக்கு பொய்த்துவிடும்.

மூன்றாவது, அளந்து பார்ப்பது. என் கட்சி இதுதான். புதுத் தட்டு வந்ததும் அதன் பல் வடிவத்தைத் தகரத்தில் வரைந்து வெட்டி வைத்துக்கொள்கிறேன். வாரம் ஒருமுறை மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் உள்ளே இறங்குவேன். தகரத்தைப் பல்லின் மேல் வைத்து டார்ச் அடித்தால், தேய்ந்த இடத்தில் இடைவெளி தெரியும். மேல்பாதியில் பல் நிற்கும், கீழ்பாதி மழுங்கியிருக்கும். அப்போது மாற்ற வேண்டியதில்லை. தலைகீழாகத் திருப்பி மாட்டினால் போதும். மணிக்கணக்குக்காரர்கள் இந்த இரண்டாம் ஆயுளைத்தான் குப்பையில் போடுகிறார்கள்.

தகரத்தோடு, உடைந்த கல் வெளியே வரும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். பல் மழுங்கினால் கல் தட்டையாக வரும். தட்டைக் கல்லும் நீளக் கல்லும் சேர்ந்து 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட் ஜல்லிக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 383 (2016). சல்லடையில் நின்று மீண்டும் உடைபடத் திரும்பும் பெரிய கல் கூடுவதும், மோட்டார் ஆம்பியர் ஏறுவதும் அதே செய்திதான்.

கூம்பு வடிவ உறைக்குள் கல்லை நசுக்கும் கோன் கிரஷருக்கும் அளந்து பார்க்கும் முறை பொருந்தும். எம்-சாண்ட் இயந்திரத்தில் சுழன்று கல்லை வீசும் ரோட்டரின் முனைகளுக்கு மட்டும் வாரம் என்பது நீண்ட தவணை. தினமும் பார்க்க வேண்டும். முனையில் பதித்த கார்பைடு என்ற கடினப் பொருள் போனால் கல் ரோட்டரையே தின்னத் தொடங்கும்.

மணிக்கணக்கை நான் முழுக்க ஒதுக்கவில்லை. உதிரி வாங்கும் நாளைக் குறிக்க அது உதவும். ஆனால் எந்தக் கட்சிக்காரரும் அடிக்கடி மறப்பது ஒன்று உண்டு. புதுத் தட்டு மாட்டிய முதல் ஷிப்ட் முடிந்ததும் நிறுத்தி, போல்ட்டுகளை மீண்டும் முறுக்க வேண்டும். தட்டு அமரும்போது போல்ட் தளரும். ஆடும் தட்டு தன் முதுகாலேயே சட்டத்தை அரைத்துவிடும்.