இடது காலுக்குத் தேங்காய் எண்ணெய், வலது காலுக்குத் தேன்மெழுகு

தாத்தா ராணுவத்தின் பொறியாளர் பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸில் இருந்தவர். அவருடைய ஆணி பூட்ஸ் ஏற்காடு வீட்டு டிரங்குப் பெட்டியில் பல வருஷம் கிடந்தது. அடியில் ஆணி வரிசை, குதிகாலில் குதிரை லாடம் மாதிரி இரும்பு வளையம், கயிறு கோக்கும் பித்தளைக் கண்களைச் சுற்றிப் பச்சைக் களிம்பு. எடுத்தபோது மேல்தோல் கருவாடு மாதிரி விறைத்திருந்தது.

தூசி தட்டுவது, ஈரத்துணியில் துடைப்பது, நிழலில் காயவைப்பது எல்லாம் யாருக்கும் தெரிந்த வேலை. தோலை விரலால் தேய்த்துப் பாருங்கள். செங்கல் பொடி மாதிரி சிவப்பாக உதிர்ந்தால் எந்த எண்ணெயும் காப்பாற்றாது. எங்களுடையது உதிரவில்லை. அப்புறம்தான் சண்டையே: எதைப் பூசுவது?

“தேங்காய் எண்ணெய் போதும்டா, தலைக்கே அதுதானே” என்றார் சித்தப்பா. எனக்கு விளக்கெண்ணெயும் தேன்மெழுகும் கலந்து பூச ஆசை. பட்டாளத்தில் பூட்ஸுக்குப் பூசிய பழைய டப்பின்கூட, கொழுப்பும் எண்ணெயும் சேர்ந்த கெட்டிப் பூச்சுதான், வெறும் எண்ணெய் இல்லை. சரி, ஆளுக்கு ஒரு கால் என்று பிரித்துக்கொண்டோம்.

முதல் வாரம் சித்தப்பா கட்சிதான் ஜெயித்தது. இடது பூட்ஸ் எண்ணெயை மடமடவென்று குடித்துக் கறுத்து, கணுக்கால் மடிப்பில் துணி மாதிரி வளைந்தது. என் பக்கம் வேலை அதிகம். நாட்டு மருந்துக் கடையில் மெழுகு வாங்கி, மெழுகு ஒரு பங்கு, விளக்கெண்ணெய் மூன்று பங்கு எடுத்து, கொதிக்கும் தண்ணீருக்குள் கிண்ணத்தை வைத்து உருக்கினேன். நேரடியாக அடுப்பில் வைக்காதீர்கள். ஆறியதும் களிம்பாகிவிடும், விரல் சூட்டில் இளக்கி, தையல் ஓரமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்க்க வேண்டும். கூடிப்போனால் பிசுபிசுத்துத் தூசியெல்லாம் ஒட்டும். எனக்கு ஒட்டியது.

டிசம்பரில் கதை மாறியது. ஏற்காடு கிட்டத்தட்ட 1,500 மீட்டர் உயரம். பனிமூட்டம் ஜன்னலைத் தாண்டி அலமாரிக்குள்ளேயே வந்துவிடும். ஒரு காலை பார்த்தால் இடது பூட்ஸ் முழுக்க வெள்ளை பூத்திருந்தது. பூஞ்சை என்று பதறி, காரில் போட்டு 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கிச் சேலம் வந்து மொட்டைமாடி நிழலில் வைத்தேன். மத்தியானத்துக்குள் வெள்ளையைக் காணோம்! பிறகுதான் உறைத்தது. தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரிக்குக் கீழே உறையும். ஏற்காட்டுக் குளிரில் பாட்டிலில் உறைவதுபோலத்தான் தோலிலும் உறைந்து மேலே வந்திருக்கிறது. விளக்கெண்ணெய்க்கு அந்தக் குளிரெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. இப்படிச் சந்தேகம் வந்தால் தலை உலர்த்தும் டிரையரைக் காட்டுங்கள்: கொழுப்பு என்றால் உருகி மறையும், பூஞ்சை அப்படியே இருக்கும்.

ஆனால் இரண்டு மாதம் கழித்து நிஜப் பூஞ்சையே வந்தது. இடதில் நாக்குத் தோலின் இரு பக்கமும் சாம்பல் பச்சையாக, மக்கிய வாசனையோடு. எண்ணெய் ஊறிய தோலும் ஈரமும் அதற்கு விருந்து. வலதிலும் வராமலில்லை, நான் மெழுகு தொடாத உள்ளங்கால் பக்கம் ஒரு ரூபாய் அளவு. வெளியே சுத்தமாக இருந்தது. ஸ்பிரிட் நனைத்த துணியால் இரண்டையும் துடைத்தேன். ஒரே ஒரு ஜோடியில், ஒரே ஒரு குளிர்காலத்தில் பார்த்தது இது. எல்லாத் தோலுக்கும் இதுவே விதி என்று சத்தியம் செய்ய மாட்டேன். சேலத்திலேயே இருக்கும் பூட்ஸ் என்றால் வெள்ளை பூக்கும் பிரச்சினை அவ்வளவு வராது. ஆனாலும் எண்ணெய் அளவு மீறினால் தோல் தொளதொளக்கும்.

கடையில் விற்கும் மாட்டுக்கால் எண்ணெயை நான் தொடவில்லை. தோலை இன்னும் கறுப்பாக்கும் என்பதே காரணம்.

அடிப்பாகத்துக்குச் சேலத்தில் செருப்பு தைக்கும் அண்ணனிடம் காட்டினேன். “ஆணியைப் பிடுங்கிட்டு ரப்பர் அடி போட்டா இன்னும் பத்து வருஷம் ஓடும் தம்பி” என்றார். போட்டு நடக்கப் போகிறவர் அதைத்தான் செய்ய வேண்டும். ஆணி பூட்ஸோடு டைல்ஸ் தரையில் நடந்தால் வழுக்கி விழ வேண்டியதுதான். நாங்கள் போடப் போவதில்லை. பிரிந்த தையலை மட்டும் போடச் சொன்னேன்.

கடைசியாக வாட்டர் பாலிஷ். துணி முனையில் பாலிஷ், மேலே ஒரு சொட்டுத் தண்ணீர், சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பு: தாத்தா அப்பாவுக்குப் பழக்கியது, அப்பா எனக்கு. வலது பூட்ஸின் முனையில் அரை மணி நேரத்தில் ட்யூப்லைட் தெரிந்தது. இடதில் எவ்வளவு தேய்த்தாலும் மங்கல்தான். எண்ணெய் ஊறிய தோலில் பாலிஷ் இறுகவே இல்லை. அலமாரியில் வலதை முன்னாலும் இடதைச் சற்றுப் பின்னாலும் வைத்திருக்கிறேன். சித்தப்பா வரும்போது மட்டும் இரண்டையும் சமமாக நகர்த்திவிடுவேன்.