நாகர்கோவில் இலவச சட்ட உதவி: தங்கச்சி கேஸுக்காகப் போய் வந்த அனுபவம்

நாகர்கோவில் கோர்ட் வளாகத்தில் இருக்கும், இலவசமாக வக்கீல் போட்டுக்கொடுக்கும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவைப் பற்றி எழுதுகிறேன். இலவச வக்கீல் என்றால் ஏனோதானோ என்றுதான் கேஸ் நடத்துவார் என்று நினைத்து, வட்டிக்குப் பணம் புரட்டும் வீடுகள் நம்ம மாவட்டத்தில் நிறைய. அவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

என் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்தது கேரளாவில், பாறசாலைக்கு அந்தப் பக்கம். அடி தாங்க முடியாமல் நாலு வயசுப் பையனோடு மார்த்தாண்டத்தில் அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். முதலில் போன போலீஸ் ஸ்டேஷனில், புகாரை வாங்கியதற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீது கூடத் தரவில்லை. "கேரளாவுல நடந்தது, அங்க போய்க் குடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு பார்த்த வக்கீல், "டைவர்ஸ் போட்டுரலாம், நகையை மறந்துருங்க" என்று சொல்லி, முன்பணமாகப் பெரிய தொகை கேட்டார். பங்கு ஃபாதர் இரண்டு வீட்டாரையும் பேசக் கூப்பிட்டார். மாப்பிள்ளை வீட்டிலிருந்து யாரும் வரவில்லை.

சட்ட உதவிக்கு வெள்ளைத்தாளில் தமிழில் எழுதின மனுவும் ஆதார் நகலும் கொண்டுபோனோம். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பே கிடையாது. வக்கீல் ஃபீஸை ஆணைக்குழுவே கொடுத்துவிடும்.

எங்களுக்குப் போட்டுக்கொடுத்த வக்கீல் அம்மா முதலில் கேட்டது கல்யாண ஆல்பத்தை. மேஜையில் விரித்து வைத்து, செல்போனில் படத்தைப் பெரிசாக்கி, கழுத்தில் கிடக்கும் தங்க மாலைகளை மேலிருந்து கீழாக எண்ணினார். "மக்ளே, இந்த ரெண்டாவது மாலை யாரு போட்டது?" என்று கேட்டார். "அது அவிய போட்டது, விட்டுரலாம்" என்றாள் தங்கச்சி. "உனக்குப் போட்டது உனக்குத்தான். எழுதிக்கோ." வளையல், மோதிரம், பையன் ஞானஸ்நானத்துக்குப் போட்ட அரைஞாண் வரைக்கும், எந்தப் படத்தில் தெரிகிறது, எதற்கு ரசீது இருக்கிறது என்று பக்கத்திலேயே குறித்தார். அம்மா பழைய நகைக்கடை ரசீதையெல்லாம் பைபிள் உறைக்குள் பத்திரமாக வைத்திருந்தது அன்றைக்குத்தான் எங்களுக்கே தெரியும். மறந்துவிடச் சொன்ன அதே நகை கடைசியில் மனுவில் முழுப் பட்டியலாக ஏறியது. குடும்ப வன்முறைச் சட்டத்திலேயே சீதனத்தைத் திருப்பிக் கேட்க வழி இருக்கிறது.

கேரளாவுக்கு அலைய வேண்டியதும் இல்லை. 2005-ல் வந்த அந்தச் சட்டத்தின் 27-வது பிரிவுப்படி, அந்தப் பெண் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரின் கோர்ட்டிலேயே மனு போடலாம். உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். அதனால் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குழித்துறை கோர்ட்டிலேயே போட்டோம்.

மனுவுக்கு முன்னால், சமூக நலத்துறையில் இருக்கும் பாதுகாப்பு அலுவலரிடம் நடந்ததை எல்லாம் அறிக்கையாக எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. தங்கச்சிக்குத் தேதி ஒன்றும் வாயில் வரவில்லை, அழுகைதான் வந்தது. "தேதி வேண்டாம். கோயில் திருவிழாவுக்குக் கொடியேறின அன்னைக்கா? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரமா? அப்படிச் சொல்லு" என்று வக்கீல் அம்மா முந்தின நாளே உட்கார வைத்துப் பேசிப் பழக்கியிருந்தார். அப்படியே ஒவ்வொன்றாக வெளியே வந்தது. காசு வாங்குகிற வக்கீல்களில் எத்தனை பேர் இவ்வளவு நேரம் உட்காருவார்கள்?

மாப்பிள்ளை, வேலையே இல்லை என்று சொல்லிப் பார்த்தார். 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, ஜீவனாம்சம் கேட்கும் வழக்கில் இரண்டு பேரும் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகக் கொடுத்தாக வேண்டும். பேங்க் கணக்கு வெளியே வந்ததும் அந்தப் பேச்சு நின்றது. கிட்ட வரக்கூடாது என்ற இடைக்காலப் பாதுகாப்பு உத்தரவும், பையனுக்கும் அவளுக்கும் மாதாமாதம் செலவுக்கான தொகையும் கிடைத்தன. பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை ஜெயில் அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம்.

நம்ம பக்கம் கிறிஸ்தவர்களுக்கு விவாகரத்தே கிடைக்காது என்று இன்றும் பேசுவார்கள். 1869-ம் வருஷச் சட்டத்தில், மனைவி கொடுமையை மட்டும் சொன்னால் போதாது, கணவனின் கள்ளத்தொடர்பையும் சேர்த்து நிரூபிக்க வேண்டும் என்று இருந்தது. 2001-ல் அதைத் திருத்திவிட்டார்கள், இப்போது கொடுமை ஒன்றே போதும். இதை விளக்கிச் சொன்னாரே தவிர, டைவர்ஸ் போடு என்று வக்கீல் அம்மா ஒருநாளும் அவசரப்படுத்தவில்லை. முடிவு தங்கச்சி கையில். அதற்காகவே அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

மனுவை 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நம்பிக்கொண்டு இருக்காதீர்கள். எதிர்த்தரப்பு சம்மனை வாங்காமல் இழுத்தடிப்பார்கள், வாய்தா மேல் வாய்தா வரும். சின்னப் பிள்ளையோடு போகிறவர்கள் தண்ணியும் சாப்பாடும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் கேஸிலும் நகையில் பாதிதான் திரும்பியிருக்கிறது, மீதிக்கு வழக்கு நடக்கிறது.

ராத்திரி அடி விழுகிற வீடு என்றால் ஆபீஸ் திறக்கும் வரை காத்திருக்க வேண்டாம், பெண்கள் உதவி எண் 181-க்குக் கூப்பிடுங்கள். சட்ட உதவிக்கு 15100. மேற்கே இருப்பவர்கள் நாகர்கோவில் வரை வரணும் என்றும் இல்லை. குழித்துறை, பத்மநாபபுரம் கோர்ட்டுகளில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது, மனுவை அங்கேயே கொடுக்கலாம்.