முதுகெலும்பு மாடல்: எலும்பு சரி, நரம்பில் கோட்டை விட்டது
சென்னை நைனியப்ப நாயக்கன் தெரு சர்ஜிகல் கடைகளில் பிசியோதெரபி, நர்சிங் மாணவர்கள் கேட்டு வாங்கும் நிஜ அளவு மாடல் இது. எலும்புகளில் குறை சொல்ல முடியாது. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5, எல்லாம் சரி. வளைவுகளும் இயல்பாக இருக்கின்றன. நரம்பில்தான் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

பெரியவர்களுக்குத் தண்டுவடம் பொதுவாக எல்1, எல்2 (இடுப்பின் முதல், இரண்டாம் எலும்பு) மட்டத்தோடு முடிந்துவிடும். அதற்குக் கீழே இருப்பது குதிரைவால் போன்ற நரம்புக் கற்றை. இந்த மாடலிலோ ஒரே மஞ்சள் ரப்பர் குழாய், இடுப்பு எலும்புகளுக்குக் கீழே உள்ள திருவெலும்பு வரை ஓடுகிறது! இதை வைத்துப் படித்தால், முதுகுத்தண்டு நீர் எடுக்கும் லம்பார் பங்ச்சர் ஊசியைத் தண்டுவடத்தில் படாமல் இருக்க ஏன் எல்3-எல்4 இடைவெளியிலோ அதற்கு அடுத்ததிலோ போடுகிறார்கள் என்பதே புரியாது. கழுத்து நரம்புகளும் 7 ஜோடிதான். 8 இருக்க வேண்டும். முதல் ஜோடி முதல் எலும்புக்கு மேலேயே வெளிவருவதால் வரும் கணக்கு அது.

எல்4-எல்5 எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல் இருக்கும் டிஸ்க்கின் பிதுக்கம் மட்டும் அருமை. சிவப்புத் துண்டு பின்பக்கவாட்டில் தள்ளி, எல்4 நரம்பு வேரை விட்டுவிட்டு எல்5 நரம்பு வேரை அழுத்துகிறது. கால் பெருவிரலைத் தூக்க முடியாமல் போவது இதனால்தான். அதே பிதுக்கம் நடுவில் பெரிதாக வந்தால் சிறுநீர் அடைத்துக்கொள்ளும், உட்காருமிடம் மரத்துப்போகும். உடனே ஆபரேஷன் வரை போகக்கூடிய அவசரநிலை. அதைக் காட்ட இதில் வழியில்லை.

ஸ்டாண்டு சாதா இரும்பு. சென்னை உப்புக்காற்றுக்குத் தாங்காது, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கேளுங்கள். தண்டுவடக் குறுக்குவெட்டுத் துண்டைத் தனியாகக் கொடுத்தால் அதை மட்டும் வாங்கலாம். பட்டாம்பூச்சி வடிவச் சாம்பல் பகுதி தெளிவாக இருக்கிறது.