கண்டி அரண்மனையில் ஒரு திருகோணமலை மரம்

கண்டி அரண்மனையைப் பார்க்கப் புறப்படுபவர்கள், அங்கே அரண்மனை என்று சொல்லத்தக்க ஒரே கட்டடம் இல்லை என்பதை முதலில் அறிந்திருப்பது நல்லது. இலங்கையின் கடைசி அரச தலைநகரில் எஞ்சியிருப்பது, புத்தரின் புனிதப் பல் வைக்கப்பட்டுள்ள தலதா மாளிகையைச் சுற்றிச் சிதறிக் கிடக்கும் ஒரு தொகுதி. அரசர் வாழ்ந்த நீண்ட கட்டடம் இன்று தொல்லியல் அருங்காட்சியகமாகவும், அரசியர் இருந்த கீழ் அரண்மனை தேசிய அருங்காட்சியகமாகவும் மாறிவிட்டன. வாவிக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் அரசியரின் நீராடும் மண்டபத்தைப் பார்த்தால் ஒரு காவல் நிலையம் என்றே தோன்றும். ஆங்கிலேயர் அதன்மேல் ஒரு மாடியைக் கட்டி நூலகமாகவும் வைத்திருந்தனர். எது எதனுடன் சேர்ந்தது என்று தெரியாமல் சுற்றினால், அரண்மனைக்குள்ளேயே நின்றுகொண்டு அரண்மனை எங்கே என்று கேட்க நேரிடும்.

எங்களுக்கு அதுதான் நேர்ந்தது. திருகோணமலையிலிருந்து ஹபறணை, தம்புள்ளை, மாத்தளை வழியாக ஏறத்தாழ ஆறு மணிநேரம் பஸ்ஸில் வந்திறங்கிய களைப்பில், வாயிலருகே தானாக வந்து சேர்ந்துகொண்ட வழிகாட்டி ஒருவரை நம்பினோம். தமிழில் விளக்குவதாகச் சொன்னவர் அரசர்களின் பெயர்களை மட்டும் ஒப்புவித்துவிட்டு, கால் மணிநேரத்திற்குள் மாத்தளை வீதியிலுள்ள வாசனைத் திரவியத் தோட்டம் ஒன்றுக்கு எங்களை அழைத்துச் செல்வதிலேயே குறியாக இருந்தார். பேசிய பணத்தைக் கொடுத்து அனுப்பிய பிறகுதான் ஆறுதலாகப் பார்க்க முடிந்தது.

இத்தொகுதியில் ஒன்றை மட்டும் பார்க்க நேரம் இருக்குமானால், நான் மகுல் மடுவ எனப்படும் அரச சபை மண்டபத்தையே சொல்வேன். 1783இல் இராஜாதி இராஜசிங்கன் தொடங்கிய வேலையை அவனுக்குப் பின் வந்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் முடித்தான். சுவரில்லாத, நாற்புறமும் திறந்த மண்டபம் அது. இரு மருங்கிலும் வரிசையாக நிற்கும் மரத்தூண்கள்தான் ஓட்டுக்கூரை முழுவதையும் தாங்குகின்றன. ஒரு தூணருகே நின்று கீழிருந்து மேலாகப் பார்த்தால், சதுரமாகத் தொடங்கும் அடி இடையில் பட்டை பிடித்து, மறுபடி சதுரமாகி, உச்சியில் நான்கு பக்கமும் கவிழ்ந்த தாமரையாக விரிகிறது. நம் கோயில்களில் கருங்கல்லில் கண்ட போதிகையை, அதாவது தூணின் தலைப்பகுதி வேலைப்பாட்டை, இங்கே மரத்தில் காண்கிறோம். தூண்களின் கீழ்ப்பகுதியில் செதுக்கு வேலையின் விளிம்புகள் மழுங்கி எண்ணெய் தேய்த்ததுபோல் மினுங்குவதும், எட்டாத உயரத்தில் அதே வேலை கூர்மை குறையாமல் இருப்பதும், எத்தனை கைகள் தடவிச் சென்றிருக்கும் என்று எண்ண வைக்கின்றன.

அந்த மரத்தைச் சிங்களத்தில் ஹல்மில்ல என்பார்கள். ஆங்கிலேய வணிகர்கள் அதற்கு வைத்திருந்த பெயர் ‘திருகோணமலை மரம்’. நமது துறைமுகத்திலிருந்து அது சென்னைக்குப் போய், அலை அடிக்கும் கரையில் ஓடும் மசூலாப் படகுகளாயிற்று. இதை நான் ஊரில் பிறந்து வளர்ந்தும் அறிந்திருக்கவில்லை.

கண்டி அரசை ஆங்கிலேயர் கையில் ஒப்படைத்த கண்டி ஒப்பந்தம் 1815 மார்ச் 2 அன்று கைச்சாத்தானதும் இம்மண்டபத்தில்தான். மதுரை நாயக்கர் வழிவந்த, கண்ணுச்சாமி என்ற இயற்பெயர் கொண்ட கடைசி அரசன் அதற்குச் சில நாட்களுக்கு முன்பே பிடிபட்டிருந்தான். வேலூர்க் கோட்டைக்கு அனுப்பப்பட்டு 1832இல் அங்கேயே இறந்தான். 1870களில் வேல்ஸ் இளவரசரின் வருகையையொட்டி மண்டபத்தை நீட்டிக் கட்டினார்கள் என்பதால், இன்று காணும் நீளம் முழுவதும் அரசர் காலத்தது அன்று.

“சிம்மாசனம் எங்கே?” என்று என் மகள் கேட்டாள். ஒல்லாந்தர் 1693இல் இரண்டாம் விமலதர்மசூரியனுக்குப் பரிசளித்த சிம்மாசனம் இங்கிலாந்து வரை போய், 1934இல் திரும்பி வந்து, கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சிம்மாசனமும் கிரீடமும் காணும் ஆசையில் வரும் பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் அன்று மாலைவரை முகம் தெளியவில்லை.

பத்திரிப்புவ என்னும் எண்கோண மண்டபமும், வாவியும், அலை வடிவ மதிலும் கடைசி அரசனின் கட்டடக் கலைஞரான தேவேந்திர மூலாச்சாரியின் வடிவமைப்பு என்று கருதப்படுகின்றன. மூலாச்சாரி என்ற பட்டம் நம் காதுக்கு அந்நியமானதன்று. எண்கோண மண்டபத்தில் இப்போது ஏட்டுச் சுவடிகள் இருக்கின்றன. நாங்கள் வெளியிலிருந்தே பார்த்துத் திரும்பினோம். அருங்காட்சியகங்கள் இரண்டும் சிறியவை, ஒரு மணிநேரம் போதும். தடித்த சுவர்களின் குளிர்ச்சியே அங்கு எனக்குப் பிடித்தது.

தலதா மாளிகை வளாகத்தினுள் நுழையும்போது சோதனை உண்டு. தோளும் முழங்காலும் மூடிய உடை அவசியம். பெரஹெர என்னும் ஊர்வலத் திருவிழா நடக்கும் ஆடி, ஆவணி நாட்களில் தூண்களைக் கிட்ட நின்று பார்ப்பது கடினம். வேறு மாதத்தில், முதல் பஸ்ஸில் புறப்படாமல் முதல்நாளே போய்க் கண்டியில் தங்கி, காலையில் கூட்டம் சேருமுன் நேரே மகுல் மடுவவுக்குச் செல்லுங்கள். மற்றவற்றை வெயில் ஏறிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.